கலாநிதி வந்தால் களஞ்சியம் திறக்குமா?

கேள்வி: கொழும்பில் ஹர்ஷ டி சில்வா போன்ற பொருளாதார நிபுணர் எம்.பி.யாக இருக்கிறார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மட்டும் ஏன் சட்டத்தரணிகளும் மேடைப் பேச்சாளர்களுமாகவே வருகிறார்கள்? பொருளியல் படித்த ஒருவரை அனுப்பினால் எங்கள் பக்கத்து வறுமை தீராதா? பி.கு: என் மகள் ஆசிரியை. ஊருக்குக் கிட்ட இடமாற்றம் எடுக்க எந்த எம்.பி.யைப் பிடிக்கலாம்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஐயா, பி.கு.வைக் கடைசியில் பார்ப்போம்.

நீங்கள் சொல்லும் மனிதர் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு 2010இல் பாராளுமன்றத்துக்குப் போனார். எந்தக் கதவால் போனார் என்பதைக் கவனித்தீர்களா? வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்டு அல்ல, ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியலில். ஐந்து வருடம் உள்ளே இருந்து தொலைக்காட்சியில் முகம் பழகிய பிறகுதான், 2015இல் கொழும்பு மாவட்டத்தில் விருப்பு வாக்கில் வென்றார்.

பக்கத்து நாட்டு மன்மோகன் சிங்கின் கதையும் இதுதான். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட், ரிசர்வ் வங்கி ஆளுநர் என்று வந்தவர் 1991 ஜூனில் நிதியமைச்சரானபோது எம்.பி.யே இல்லை. அந்த வருடம் ஒக்டோபரில்தான் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். 1999இல் தென் டில்லியில் மக்களவைக்கு நின்று தோற்றார். பிறகு பத்து வருடம் பிரதமராக இருந்தார், ஆனால் மக்களவைத் தேர்தலில் ஒருமுறையும் வென்றதில்லை.

ஆக, 'ஏன் வருகிறார்கள் இல்லை' என்று கட்சிகளைக் கேட்பதற்கு முன், வந்தால் நீங்கள் போடுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக்கு ஐந்து ஆசனம், திகாமடுல்ல என்று தேர்தல் பட்டியலில் வரும் அம்பாறைக்கு ஏழு. அதற்குள் கட்சி, ஊர், சாதி, இனம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று எல்லாக் கணக்கும் பார்த்து முடித்தபின் பொருளியலுக்கு விருப்பு வாக்குச் சீட்டில் இடம் எங்கே இருக்கிறது?

சரி, எப்படியோ வந்துவிட்டார் என்றே வைப்போம். பட்டம் மட்டும் காப்பாற்றுமா? 2019 முடிவில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அடுத்த வருடங்களில் பணத்தை அச்சடித்தார்கள், 2021 மே மாதம் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென்று கையை விரித்தது, செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்தின் பெரும்பகுதி மத்திய வங்கி ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பொருளியல் பேராசிரியர். ஜனாதிபதியின் செயலாளராக இருந்தவரும் பொருளியல் கலாநிதி. நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பட்டியலில், ராஜபக்ச சகோதரர்களோடு இந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அதே நேரம் எதிர்க்கட்சி வாங்கிலிருந்து 'சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள்' என்று தொண்டை வறளக் கத்தியவர்களில் ஹர்ஷவும் ஒருவர். ஒரே பாடத்தைப் படித்தவர்கள்தான் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள், ஐயா. சொல்வதைக் கேட்க அரசாங்கத்தில் ஒருவரும் இல்லையென்றால் கலாநிதியின் பேச்சும் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகிக் கிடக்கும், அவ்வளவுதான்.

ஹர்ஷவுக்கு நிதியமைச்சு ஒருநாளும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்தபோது முதலில் கொடுத்தது வெளிவிவகாரப் பிரதி அமைச்சு! அங்கே இருந்துகொண்டு அவர் செய்த வேலைதான் இன்றைக்கு உங்கள் வீதியால் கூவிக்கொண்டு போகிறது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ்.

இந்த எண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் என்னால் தாண்ட முடியாது. 1990 என்றால் எங்கள் மாவட்டத்துக்கு அது தொலைபேசி எண் அல்ல. அந்த ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். அந்த வருடத்தின் பெயரை வாயால் சொல்ல விரும்பாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதே எண்ணை அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் 'அம்பியுலன்ஸ்' என்று பழகிவிட்டார்கள். கொழும்பில் எண்ணைத் தெரிவு செய்தவர்கள் இதை நினைத்திருக்கவே மாட்டார்கள்.

சேவையின் கதைக்கு வருவோம். இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. தொடங்குவதற்கு முன் எத்தனை எதிர்ப்பு! இந்திய உளவாளிகள் அம்பியுலன்ஸில் வந்து இறங்குவார்கள் என்றுகூடச் சொன்னார்கள். அதையெல்லாம் தாண்டி, 2018இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டு, வடக்குக்கும் கிழக்குக்கும் கொண்டு வந்து, ஏறக்குறைய முந்நூறு வண்டிகளாக்கினார்கள். நோயாளியிடம் ஒரு சதம் வாங்குவதில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் முச்சக்கர வண்டிக்காரரை எழுப்பி, அவருக்குப் பெற்றோலுக்குக் காசு தேடி அலைந்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இதைச் செய்யப் பொருளியல் கலாநிதிப் பட்டம் தேவைப்பட்டதா? எனக்குத் தெரிந்தவரை தேவைப்பட்டது வேறு. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, பணம் எங்கிருந்து வரும், யார் நடத்துவார்கள், அடுத்த அரசாங்கம் வந்தால் நின்றுவிடாதா என்று வருடக்கணக்காக விடாமல் துரத்தும் குணம்.

ஹர்ஷவுடைய இன்னொரு வேலை பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைமை. மைக் பிடிக்கும் இடமில்லை அது, கோப்புப் புரட்டும் இடம். 2024இல் விசா வேலையை வெளிநாட்டு நிறுவனமொன்றிடம் கொடுத்தார்கள். 50 டொலர் விசாவுக்குப் பழகிய சுற்றுலாப் பயணி 100 டொலர் கட்ட வேண்டி வந்தது. அறுகம்பே சீசன் தொடங்குகிற நேரம் அது. பொத்துவிலில் நாலு அறை வைத்து நடத்துகிற ஆளைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஐம்பது டொலரின் கனம் சொல்வார். அந்த ஒப்பந்தத்தை எடுத்துக் கேள்வி கேட்டது இந்தக் குழு. ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

இப்போது நம்முடைய விறாந்தைக்கு வாருங்கள். போன வருடம் ஒரு ஞாயிறு காலை, எங்கள் பக்கத்து எம்.பி. ஒருவரின் வீட்டில் பேட்டிக்காக இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் பதினாறு பேர். எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் கோப்பு. கோயில் நிருவாகத்தினர் மூவருக்கு நூறு கதிரையும் ஒலிபெருக்கியும் வேண்டும். விளையாட்டுக் கழகப் பெடியன்களுக்கு ஜேர்சி. ஒரு தாயார் மகனின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துடைத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். இடமாற்றக்காரர் ஐந்து பேர். செயலாளர் பொடியன் ஒவ்வொரு கடிதத்திலும் 'பொருத்தமான நடவடிக்கைக்காக' என்று எழுதிச் சீல் குத்திக்கொண்டே இருந்தான். வாய்க்கால் பற்றிப் பேச வந்தவர் ஒரே ஒருவர்தான். மதியம் நான் பேட்டி முடித்து வெளியே வரும்போதும் அவர் அங்கேயே இருந்தார். தொகுதி வேலைகளுக்கென்று எம்.பி.க்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியைக் கதிரையாகவும் ஜேர்சியாகவும் பிரித்துக் கொடுத்து முடிவதற்குள் எம்.பி.யின் கிழமை முடிந்துவிடுகிறது. அந்த விறாந்தையில் மிசூரிக் கலாநிதியை உட்கார வைத்தாலும் சீல்தான் குத்துவார்.

வாய்க்கால்காரர் என்ன சொல்ல வந்தாரோ தெரியாது. அவருக்குப் பதிலாக நான் ஒன்று சொல்கிறேன். நம்முடைய பக்கம் பெரும்போக வெட்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடும், பொலன்னறுவைக்கு முன்பே. 2025இல் அரசாங்கம் நெல்லுக்கு விலை அறிவித்த நாள் பெப்ரவரி 5. கிலோவுக்கு நாடு இன நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. அதற்குள் அம்பாறை வயல்களில் வெட்டுமெசின் இறங்கி, உரத்தைக் கடனுக்குக் கொடுத்த முதலாளியின் லொறி வரம்படியில் வந்து நின்றுவிட்டது. அறிவித்த விலை கிடைக்க ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. காயப்போடத் தளம் இல்லாதவன் நெடுஞ்சாலையில் பாய் விரிக்கிறான். மழை இருட்டினால் ஈர நெல்லை முதலாளி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறான்.

எந்த வயற்கண்டத்தில் எப்போது வெட்டு என்பது ரகசியமா? போகத்துக்கு முன் விவசாயிகளோடு நடக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே விதைப்புத் திகதி தீர்மானமாகிறது. வயல் நீரைப் பார்க்கும் வட்டவிதானைக்குத் தெரியும், கமநல சேவை நிலையத்தில் எழுதியே இருக்கிறது. கொழும்பில் வரவு செலவுத் திட்டம் நவம்பர், டிசம்பரில் பேசுகிறார்கள். அமைச்சு அமைச்சாக ஒதுக்கீட்டைப் பேசும் குழுநிலை விவாதத்தில், விவசாய அமைச்சு வரும் நாளில் எழும்பி, 'நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு ஒதுக்கிய காசு எந்தத் திகதியில் கைக்கு வரும், கிழக்கில் களஞ்சியம் எப்போது திறக்கும், ஈர நெல்லுக்கு என்ன ஏற்பாடு' என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த நாளும் கேட்க வேண்டும். இதற்குச் சட்டத்தரணி போதும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் போதும். திகதியைத் தெரிந்து வைத்திருந்தால் சரி. அடுத்த முறை உங்கள் ஊருக்கு எம்.பி. வரும்போது கதிரை கேட்காமல், போன குழுநிலையில் நெல்லைப் பற்றி என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தே மிச்சம் விளங்கும்.

பி.கு.வுக்கு: வருடாந்த இடமாற்றத்துக்கு அறிவித்தல் வந்ததும், மகள் படிவத்தை நிரப்பி அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பட்டும். பிரதியில் கிடைத்த திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விறாந்தைக்கு நீங்கள் போக வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள்.