பச்சைச் சேலையின் பின்னால் போன மகள்

கேள்வி: என் அப்பா திருப்பதியில் மொட்டை போட்டு, மீசையும் எடுத்துவிட்டு வந்தார். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த என் கணவர் அவரைப் பார்த்தும் பேசாமல் போய்விட்டார். இப்படி நடப்பது மூன்றாவது முறை. கேட்டால் "தெரியலை" என்கிறார். மாமனாரைத் தெரியாதா? அப்பா மனசு உடைந்துவிட்டார். எங்கள் ஏழு வயது மகளும் இவரைப் போலத்தான். சில்வர் பீச்சில் என்னைப் போலவே பச்சைச் சேலை கட்டிய யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள், எல்லோரும் சிரித்தோம். இவர் திமிரை எப்படி அடக்குவது?
- வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: அப்பாவின் வருத்தம் பிறகு ஆறும். முதலில் அந்தப் பச்சைச் சேலைக்கு வாருங்கள்.

பெற்ற பிள்ளை, அம்மா என்று நினைத்து முன்பின் தெரியாத ஒருத்தியோடு நடந்திருக்கிறாள். அதுவும் அந்தக் கடற்கரைக் கூட்டத்தில்! அந்தப் பெண் நல்லவளாக இருந்ததால் குழந்தை திரும்பி வந்தாள். அதற்குச் சிரித்தீர்கள். மருமகன் வணக்கம் சொல்லவில்லை என்பதற்கு அழுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாத குறை ஒன்று உண்டு. ஜெர்மன் மருத்துவர் யோவாக்கிம் போடாமர் 1947-இல் அதற்கு புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்தார். கண்ணில் கோளாறு இல்லை, மறதியும் இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் நன்றாகவே தெரியும். அவற்றைச் சேர்த்து 'இவர் இன்னார்' என்று சொல்ல மூளைக்கு வராது. தலையில் அடிபட்டும் வரலாம், பிறவியிலேயே இருக்கலாம். பிறவிக் குறை என்றால் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இது இருந்தது, அவர் அண்ணனுக்கும் இருந்தது.

இவர்கள் முடி, மீசை, நடை, குரல், உடுப்பு இவற்றைக் கொண்டுதான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அன்று முடியும் இல்லை, மீசையும் இல்லை. "மாப்பிள்ளை" என்று அவர் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பெரியவர் முதலில் பேசினால் மரியாதை குறைந்துவிடாது.

கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. இருவரையும் ஜிப்மரில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதைக் குணமாக்க மருந்து கிடையாது, ஆனால் என்னவென்று தெரிந்தால் திமிர் என்ற பழியாவது போகும்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். குரல் கேட்காமல் யார் கையையும் பிடிக்கக் கூடாது என்று மகளைப் பழக்குங்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லிவையுங்கள். கூட்டத்துக்குப் போனால் அவள் கை உங்கள் கையில் இருக்கட்டும். இத்தனை வருஷம் இதோடு சமாளித்து வாழ்கிற மனுஷன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். "என்னை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று அவரிடம் ஒருநாளாவது கேட்டீர்களா? இன்றைக்குக் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. அப்புறம் உங்கள் அப்பாவிடம் விஷயத்தை நீங்களே போய் எடுத்துச் சொல்லுங்கள். அதைக் கணவர் தலையில் கட்டாதீர்கள்.