சப்டைட்டில் கோப்பை எக்செல்லுக்கு மாற்றித் திருத்த சுலபமான வழி எது?

வழி இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாற்றியில் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பைப் போட்டு, எக்செல் திறக்கும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுக்கும் யோசனை இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அப்படிச் செய்து மூன்று இரவுத் தூக்கத்தைத் தொலைத்தவள் நான்.

சரிபார்ப்பவருக்கு சப்டைட்டில் மென்பொருள் தெரியாது, எக்செல் தெரியும். உங்கள் நிலையும் அதுவாகத்தான் இருக்கும். வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு, காது கேளாதவர்களுக்காகத் தமிழிலேயே சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். கடற்காற்று மைக்கில் அறைந்ததில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. அந்த ஊர்க்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பார்த்துத் தர ஒப்புக்கொண்டார். நான் 'உப்பு வாங்கியாச்சு' என்று எழுதியிருந்ததை 'வாரியாச்சு' என்று திருத்தினார். பாத்தியில் விளைந்த உப்பை இழுத்துச் சேர்ப்பதுதான் வாருதல். அவர் இல்லையென்றால் அந்தத் தப்போடுதான் படம் போயிருக்கும்.

ஒருநாள் போன் செய்தார். "என்னம்மா, இந்த எடத்துல அவுங்க பேசவே இல்லியா?" மாமியாரும் மருமகளும் கூலியைப் பற்றிப் பேசிக்கொள்ளும் காட்சி அது. இருவர் பேசும்போது ஒவ்வொரு வரியையும் சிறுகோட்டில் தொடங்குவோம். எக்செல் அதை ஃபார்முலா என்று எடுத்துக்கொண்டு, வசனம் இருந்த கட்டமெல்லாம் பிழைச்செய்தி காட்டியிருக்கிறது.

நேரக்குறிகளும் போயின. எஸ்ஆர்டியில் நேரம் 00:12:41,083 என்று இருக்கும். சிஎஸ்வியில் காற்புள்ளி வந்தாலே அடுத்த கட்டம். அந்த இணைய மாற்றி நேரத்தைச் சுற்றி மேற்கோள்குறி போடாததால் 083 தனியே விழுந்து வெறும் 83 ஆனது. திரும்ப ஒட்டிக் கொடுத்த கோப்பை எடிட்டரின் மென்பொருள் ஏற்கவே இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில், விருப்ப உரை வடிவ ஏற்றுமதியில் எண், நேரம், வசனம் மூன்றையும் டேப் இட்டுப் பிரித்து எடுப்பேன். இரண்டு வரி வசனத்தின் நடுவே செங்குத்துக் கோடு (|) ஒன்று போட்டு ஒரே வரிசையாக்குவேன். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிபரே ஆபிஸ் கால்க்கில் திறக்கும்போதே, தமிழ் எழுத்து சிதையாமலிருக்க யூடிஎஃப்-8 தேர்ந்து, மூன்று நெடுவரிசையையும் 'உரை' என்று குறித்துவிடுவேன். அதை எக்செல் கோப்பாகச் சேமித்து அனுப்புவேன். திருத்தி வந்ததும் எண்ணைப் பார்த்து வசனத்தை மட்டும் மூலக் கோப்பில் சேர்ப்பேன். நேரத்தை எக்செல்லிலிருந்து திரும்ப எடுப்பதே இல்லை. வரி நீளம் பார்க்க, எழுத்தை எண்ணும் லென் (LEN) ஃபார்முலாவை நம்பாதீர்கள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துக்கு அது 5 என்று சொல்லும்; புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணுகிறது.

'சப்டைட்டில் மென்பொருளிலேயே திருத்தினால் என்ன' என்று கேட்பவர்களுக்கு: என் வேலை தினமும் அதில்தான். வயதான ஒரு மனிதரை, எனக்கு உதவி செய்ய வந்தவரை, புது மென்பொருள் படி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். படத்தின் கடைசியில் டிரோன் வாடகைக்கு விட்டவர் வரை பெயர் ஓடியது. ஆசிரியர் பெயரைச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். இடமில்லை என்றார்கள். திரையிடல் அன்று அவர் மகள்வீட்டுப் பேரனோடு வந்து, கடைசி எழுத்து ஓடி முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.