ஐப்பசி, கார்த்திகையில் ஐரோப்பா: எந்தப் பக்கம் போவது?

பிள்ளைகளோ சகோதரங்களோ கூப்பிட்டு, ஒக்டோபர் கடைசிக்கும் டிசெம்பர் தொடக்கத்துக்கும் இடையில் ஐரோப்பாவுக்குப் பயணம் வைத்திருக்கும் வன்னி வாசகர்களின் கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம்.

கேள்வி: மகள் சூரிச்சில் இருக்கிறா. ஒக்டோபர் கடைசியில் போய் டிசெம்பர் முதல் கிழமை வரை நிற்க எண்ணம். "நவம்பரில் வராதேங்கோ, ஒன்றும் பார்க்கேலாது" என்று மருமகன் சொல்லுறார். உண்மையா? என்ரை கணவருக்கு முழங்கால் நோ, கனக்கப் படி ஏற மாட்டார். — ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: மருமகன் சொல்வது சூரிச்சுக்குப் பாதி சரி. ஐரோப்பா முழுவதற்கும் பொருந்தாது.

குளிருக்கு உடுப்பு இருக்கிறது, இருட்டுக்கு மாற்று இல்லை. ஆகவே இடத்தைத் தெரிவுசெய்யும்போது முதலில் வெளிச்சக் கணக்கைப் பாருங்கள். ஒக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அன்றிலிருந்து பின்னேரம் சட்டென்று சுருங்கிவிடும். நவம்பர் நடுப்பகுதியில் சூரிச்சில் சூரியன் காலை 7.25 அளவில் உதித்து மாலை 4.50 அளவில் மறைகிறது. லண்டனில் 4.10க்கே பொழுது பட்டுவிடும், ஒஸ்லோவில் 4 மணிக்கு முன்னமே. ஸ்பெயினின் தெற்கிலுள்ள செவில்லாவில் 6.10 வரை சூரியன் நிற்கும். ஒரு நாளில் மூன்று இடம் என்று கோடைகாலத்துக்குப் போட்ட திட்டம் நவம்பரில் பிழைப்பது இதனால்தான். ஒரு நாளைக்கு ஓர் இடம், காலை 9 மணிக்கு வெளிக்கிட்டு 4 மணிக்குத் திரும்பும் ரயில் என்று வையுங்கள்.

அடுத்தது மூடுபனி. சூரிச், பேர்ண் எல்லாம் யூரா மலைக்கும் அல்ப்ஸ் மலைக்கும் நடுவில் கிடக்கிற சமவெளியில் இருக்கின்றன. காற்று அசையாத நாட்களில் குளிர்ந்த பாரமான காற்று, கட்டுக்குள் குளத்துத் தண்ணீர் தேங்குவதுபோல, அந்தப் பள்ளத்தில் தேங்கும். மேலே இளஞ்சூடான காற்று படிந்துவிட்டால் கீழே நிற்பது எழும்பாது. அதன் ஈரம் சாம்பல் நிற மூட்டமாகி நாட்கணக்கில் சூரியனை மறைக்கும். ஆனால் பல நாட்களில் அந்த மூட்டத்தின் உயரம் 800 முதல் 1,000 மீற்றர் வரைதான். அதற்கு மேலே ஏறினால் நீல வானம், நல்ல வெயில். மருமகன் பார்க்கேலாது என்று சொல்வது கீழே நின்று.

இதற்கு நாங்கள் முதலில் சொல்லும் இடம் ரீகி மலை, 1,797 மீற்றர். 1871இல் ஐரோப்பாவின் முதல் மலையேறும் பல்சக்கர ரயில் ஓடத் தொடங்கியது இங்கேதான். சூரிச்சிலிருந்து ஆர்த்-கோல்டாவுக்கு ரயில், அங்கிருந்து பல்சக்கர ரயில் முக்கால் மணித்தியாலத்தில் உச்சிக்குக் கிட்டக் கொண்டுபோய் விடும். கடைசி ஏற்றம் ஏறாமல், நிலையத்தடியில் நின்றே உங்கள் கணவர் மேகக்கடலைப் பார்க்கலாம். போகும் நாளை முன்கூட்டி முடிவுசெய்யாதீர்கள். அன்று காலை வானிலை அறிக்கையில் மூடுபனியின் மேல் எல்லை எத்தனை மீற்றர் என்று சொல்வார்கள், மலையுச்சிக் கமராவையும் ஒன்லைனில் பார்க்கலாம். எல்லை 1,000 மீற்றர் என்றால் உடனே வெளிக்கிடுங்கள். மழைமேகம் வந்து மலையையே மூடிய நாளில் ரிக்கற்றுக்குக் கொடுத்த காசு வீண்.

கேபிள் கார் உள்ள மலைகளில் கவனம். கோடைக் கூட்டம் முடிந்து பனிச்சறுக்கு தொடங்குவதற்கு இடையில், பெரும்பாலும் நவம்பரில், பலவற்றைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். கிரிம்செல், பூர்கா போன்ற உயரமான மலைப்பாதைகளும் பனி விழுந்ததும் மூடப்படும், காரில் சுற்றலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். யுங்பிராவ்யோக் ரயில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. அது 3,454 மீற்றர் உயரம், மூச்சு வாங்கும். இதய வருத்தமோ இரத்த அழுத்தமோ இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

உங்கள் ஐந்து கிழமையை இப்படிப் பிரிப்போம். வந்த கையோடு பாசல் நகரத்தின் இலையுதிர்காலச் சந்தை. 1471இல் அரசாணை பெற்றுத் தொடங்கியது, ஒக்டோபர் 30க்கு முந்திய சனிக்கிழமை நண்பகல் மணியடித்துத் திறந்து இரண்டு கிழமை நடக்கும். நவம்பரின் நடு இரண்டு கிழமைதான் சோர்வானவை, அப்போது தெற்கே இறங்குங்கள். கொத்தார்ட் மலையடியால் 57 கிலோமீற்றர் நீளத்தில் 2016இல் திறந்த சுரங்கம் இருக்கிறது. அதற்குள்ளால் சுவிஸின் தெற்கு நகரமான லுகானோ இரண்டு மணித்தியாலத்துக்குள். வடக்கில் மூட்டம் நிற்கும் நாளில் சுரங்கத்தின் மறுவாயிலில் வெயில் அடிப்பது அடிக்கடி நடப்பது. இன்னும் ஒன்றரை மணித்தியாலம் போனால் இத்தாலியின் மிலானோ. நவம்பரின் நான்காவது திங்கட்கிழமை பேர்ணில் வெங்காயச் சந்தை. விடியமுன்னமே தொடங்கிவிடும், சடையாகப் பின்னிய வெங்காயம் தெருவுக்குத் தெரு தொங்கும். தோட்டம் செய்கிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல காட்சி அந்த மாதத்தில் இல்லை. கடைசிக் கிழமையில் நத்தார்ச் சந்தைகள் திறக்கத் தொடங்கும். பாசலிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பிரான்ஸின் ஸ்ராஸ்பூர்க். அங்கு பழைய நகரம் முழுக்கக் கல் பதித்த தெரு, முழங்காலுக்கு அது படியைவிட மோசம், கைத்தடி கொண்டுபோங்கள். சனி, ஞாயிறு நெரிசல். செவ்வாய், புதன் நல்லது.

செங்கன் என்பது ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து ஒரே விசாவை ஏற்கும் ஏற்பாடு. சுவிஸ் செங்கன் விசாவில் பிரான்ஸும் இத்தாலியும் அடங்கும். எல்லை தாண்டும் ரயில்களில் திடீர்ச் சோதனை நடக்கும் என்பதால் கடவுச்சீட்டின் பிரதியை அல்ல, மூலத்தையே கையில் வைத்திருங்கள்.

கேள்வி: தங்கச்சி பாரிஸில். நானும் மனிசியும் 8, 11 வயதுப் பிள்ளைகளும் நவம்பரில் போறோம். பாரிஸ் தவிர பத்து நாள் சூடான ஒரு நாட்டில், கடற்கரையோடு நிற்க ஆசை. ஸ்பெயினா, போர்த்துக்கலா, கிரேக்கமா? — கமக்காரர், துணுக்காய்

பதில்: ஸ்பெயினின் தெற்கு. அண்டலூசியா என்ற மாகாணம். செவில்லாவிலும் மலகாவிலும் நவம்பரில் பகல் 20 பாகை வரை வரும், இரவில் 10 அளவு. மழை இருக்கும், ஆனால் ஒருநாள் அடித்துவிட்டு வெளிக்கும். போர்த்துக்கலின் லிஸ்பனும் பகலில் 18 பாகைதான், ஆனால் அத்திலாந்திக் மழைக்கு நேரே முகம் கொடுத்திருக்கிறது. நவம்பர் அங்கே ஈரமான மாதங்களில் ஒன்று. கிரேக்கத்தில் படத்தில் பார்க்கிற சின்னத் தீவுகள், சன்டோரினி போன்றவை, ஒக்டோபர் கடைசியோடு பெரும்பாலும் அடைத்துவிடும். ஹோட்டல் பூட்டு, கப்பல் குறைவு, காற்று அடித்தால் அந்தக் கப்பலும் இல்லை. ஏதென்ஸ் மட்டும் என்றால் நல்ல தெரிவு.

கடல் விஷயத்தில் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். மலகாவில் நவம்பர்க் கடல் 17, 18 பாகை. முல்லைத்தீவுக் கடலில் குளித்த பிள்ளைக்குக் கால் வைக்கவே விறைக்கும். மணலில் விளையாடலாம், குளிக்கும் திட்டம் வேண்டாம்.

பத்து நாளுக்கு நாலு ஊர் போதும்: மலகா 3 இரவு, கிரனாடா 2, கொர்டோபா 2, செவில்லா 3. கொர்டோபாவிலிருந்து செவில்லா அதிவேக ரயிலில் முக்கால் மணித்தியாலம். செவில்லாப் பேராலயத்தின் ஹிரால்டா கோபுரத்தில் படிக்குப் பதிலாகச் சரிவுப்பாதை, பிள்ளைகள் ஓடியே ஏறுவார்கள். கிரனாடா கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கு மேலே, இரவில் நல்ல குளிர். மலகாவில் போட்ட உடுப்போடு அங்கே இறங்கினால் சளி பிடிக்கும்.

கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு ரிக்கற் பெயர் போட்டு வரும், வாசலில் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். உள்ளேயுள்ள நஸ்ரிட் மாளிகைகளுக்கு மட்டும் குறித்த நேரம் தருவார்கள், அது தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பிரதான வாயிலிலிருந்து அந்த மாளிகைக்கு நடை இருக்கிறது, ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கள். 12 வயதுக்குக் கீழே காசில்லை, ஆனாலும் ரிக்கற் எடுக்கவேண்டும்.

பாரிஸிலிருந்து மலிவு விமானம் எடுக்கும்போது எந்த விமான நிலையம் என்று பாருங்கள். பொவே என்று இருந்தால் அது பாரிஸிலிருந்து 80 கிலோமீற்றருக்கு மேலே, பஸ்ஸுக்கு ஆளுக்குத் தனிக் காசு, ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். மலிவு விலையில் அடங்குவது ஆசனத்துக்குக் கீழே போகிற சின்னப் பை மட்டும். பெரிய பைக்கு வாசலில் கேட்கும் காசு, ஒன்லைனில் கட்டுவதைவிடப் பலமடங்கு வரலாம்.

கேள்வி: மகன் லண்டனில். பிரிட்டிஷ் விசா கிடைத்துவிட்டது. அப்படியே பாரிஸில் மூன்று நாள் நிற்கலாமா? — வவுனியா

பதில்: அந்த விசாவில் முடியாது. பிரித்தானியா செங்கனில் இல்லை. பிரான்ஸுக்கு வேறு விசா வேண்டும், அதை வெளிக்கிட முன்னம் இலங்கையிலேயே எடுக்கவேண்டும். வருகையாளராக லண்டனில் நின்றுகொண்டு விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்னிருந்து 15 நாள் முன்வரை விண்ணப்பிக்கலாம். நவம்பர்ப் பயணத்துக்கு ஓகஸ்ட் தாண்ட விடாதீர்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, விசா விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். கூடுதல் நாள் நிற்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் 3 நாள், ஜேர்மனியில் 10 நாள் என்றால் ஜேர்மனியிடம்.

துணுக்காய் வாசகரும் இதைக் கவனிக்கவேண்டும்: கமக்காரருக்குச் சம்பளச் சிட்டை இல்லை என்பதாலேயே விண்ணப்பம் மெலிந்துபோகிறது. காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையத்தின் கடிதம், நெல் விற்ற பற்றுச்சீட்டு, ஆறு மாத வங்கிக் கூற்று எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி வையுங்கள். விண்ணப்பத்துக்கு முதல்நாள் யாரோ கொண்டுவந்து போட்ட பெரிய தொகை உதவாது, சந்தேகத்தைத்தான் கூட்டும். மாசியில் அறுவடைக்கு நீங்கள் திரும்பியே ஆகவேண்டும் என்பது உங்களுக்குச் சாதகமான நியாயம். அதைக் கடிதத்தில் இரண்டு வரியில் எழுதுங்கள்.

கேள்வி: நவம்பரில் லூர்து மாதாவிடம் போகலாமா? — மடு

பதில்: போகலாம், கெபி ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆனால் பெரிய யாத்திரைக் காலம் ஒக்டோபரோடு முடிகிறது. நாள்தோறும் இரவில் நடக்கும் மெழுகுதிரிப் பவனி ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைக்கும்தான், நவம்பரில் பல ஹோட்டல்களும் அடைத்துவிடும். கூட்டத்தோடு செபமாலை சொல்லி நடக்க ஆசை என்றால் ஏமாற்றமாக இருக்கும். அமைதியாக இருந்து மன்றாட விரும்பினால் இதுதான் நல்ல காலம். பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ 5 மணித்தியாலம், ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். அறையை முன்பே பதிந்து, திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். சுவிஸில் உறவினர் இருந்தால் ஐன்சிடெல்னின் கறுப்பு மாதா கோயில், சூரிச்சிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நம்மவர்கள், சைவர்கள் உட்பட, கனபேர் போகிற கோயில் அது.

கேள்வி: அண்ணா நோர்வேயில். வடதுருவ ஒளியைப் பார்க்க நவம்பர் சரியா? — ஒட்டுசுட்டான்

பதில்: இரவு வானத்தில் பச்சையாக அசையும் அந்த ஒளியைப் பார்க்க இருட்டு வேண்டும், மேகமில்லாத வானம் வேண்டும். இருட்டு நிச்சயம், வானம் நிச்சயமில்லை. ஒஸ்லோவில் நின்று பார்க்க நினைக்காதீர்கள், வடநோர்வேயிலுள்ள துரொம்சோ வரை விமானத்தில் போகவேண்டும். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிக்காது. ஓர் இரவுக்குப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. நாலு இரவாவது ஒதுக்குங்கள். அண்ணாவுக்கு வசதி என்றால் பெப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது: இரவு நீளம், பகலிலும் வெளிச்சம் கிடைக்கும்.

கேள்வி: நவம்பர் 28 இரவு கட்டுநாயக்காவில் விமானம். முல்லைத்தீவிலிருந்து அன்று காலை வெளிக்கிட்டால் போதுமா? — முல்லைத்தீவு

பதில்: போதாது. மாரிமழையின் உச்சம் அந்தக் கிழமைகள்தான். 2025இல் இதே நவம்பர் 28 அன்றுதான் டித்வா புயல் நாட்டைத் தாக்கி வீதிகளையும் ரயில் பாதைகளையும் துண்டித்தது. வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் பரந்தன் பக்கம் போகமுடியாது. ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியால் ஏ9 வீதிக்கு ஏறுங்கள். இரணைமடு வான்கதவு திறந்தார்கள் என்று கேள்விப்பட்டால் பிறகு யோசிக்க நேரமிருக்காது. 26ஆம் திகதியே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் இரண்டு இரவு தங்குங்கள். கட்டுநாயக்கா பக்கத்திலேயே இருக்கிறது. ஐரோப்பாவுக்குள் போகும் அடுத்த விமானத்தையும் ஒரே ரிக்கற்றில் எடுங்கள். வேறாக எடுத்தால், முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவதற்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். தடித்த ஜக்கெற், மூடிய சப்பாத்து, இரண்டு சோடி காலுறை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒருநாள் பிந்தி வந்தாலும் விறைக்காமல் வீடு போய்ச் சேரலாம்.