சபையில சொன்னீங்க சரி, இன்சார்ஜ்கிட்ட சொன்னீங்களா?

கேள்வி: 14 வருஷமா நர்ஸா இருக்கேன். வார்டுல ஆள் பத்தல, மாசத்துல பாதி நாள் நைட் டூட்டி, நடுநடுவுல டபுள் டூட்டி வேற. வீட்டுக்கு வந்தா சமையல், பசங்க, மாமியாரோட மருந்து மாத்திரை, மதியம் 2 மணிக்கு மேல தூங்கினதே இல்ல. ஞாயித்துக்கிழமை நைட் முடிச்சு நேரா சபைக்குப் போய் சண்டே ஸ்கூல் எடுக்கறேன். லீவு கேக்கவே மனசு குத்துது, இது ஊழியம்தானேன்னு தோணுது. போன வாரம் கூட காலைல 7 மணிக்கு ஒரு பெரியவருக்கு ரெண்டாவது தடவை இன்சுலின் போடப் போயிட்டேன், "இப்பதானே போட்டீங்க சிஸ்டர்"னு சொன்னார். கர்த்தர் என் கையைத் தடுத்தார்னு சபையில சாட்சி சொன்னேன். கணவரும் எனக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறார். இன்னும் பெலன் கிடைக்க நான் எப்படி ஜெபிக்கணும்?

பதில்: சிஸ்டர், பெலனுக்கு ஜெபம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த இன்சுலின் கதைக்கு வாங்க. கடிதத்துல "போன வாரம் கூட"ன்னு போகிற போக்குல ஒரு வரியா எழுதிட்டு அடுத்த வரிக்கு தாவிட்டீங்க, எனக்கு அதைத் தாண்டிப் போகவே முடியல.

என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஊசி போட்டீங்க, சார்ட்ல கையெழுத்து போடறதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க, ஓடினீங்க, திரும்பி வந்து பாத்தா கட்டம் காலியா இருந்துச்சு, காலியா இருந்தா போடலைன்னு அர்த்தம், அதனால மறுபடியும் மருந்தை எடுத்தீங்க. இன்சுலின் டபுள் டோஸ் போனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா? வேர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பி, ஃபிட்ஸ் வரைக்கும் போகும், உயிரே கூட போகலாம். அந்த மருந்தை ரெண்டு பேர் பாத்துப் போடச் சொல்றதே அதுக்காகத்தான், உங்க வார்டுல அந்த ரெண்டாவது ஆளே இல்ல. பெரியவர் முழிச்சிருந்தார், நிதானமா இருந்தார், வாயைத் திறந்து கேட்டார். அரைத்தூக்கத்துல இருந்திருந்தா? சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பேசாம கையை நீட்டியிருந்தா?

கணக்கு போடுவோம். முந்தின நாள் 2 மணிக்கு எந்திரிச்சிருக்கீங்க, இது நடந்தது காலைல 7 மணிக்கு, ஆக 17 மணி நேரம் கண்ணு மூடல. 1997ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, 17 மணி நேரம் முழிச்சிருக்கிறவங்களோட கையும் கவனமும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கு மந்தமாகுதுன்னு. பல நாட்டுல அந்த அளவு இருந்தா வண்டியே ஓட்ட விடமாட்டாங்க. ஒருத்தர் குடிச்சிட்டு ஊசி போட வந்து, பேஷன்ட் சொன்னதால தப்பிச்சு, அதை சபையில சாட்சியா சொன்னா ஆமென் போடுவீங்களா?

கோபம் வருதா, வரட்டும். கர்த்தர் காப்பாத்தலைன்னு நான் சொல்லல. காப்பாத்தினது எதுக்குன்னு கேக்கறேன். இப்படியே ஓடு, நான் பின்னாடி வரேன்னு சொல்றதுக்கா, இல்ல நில்லுன்னு சொல்றதுக்கா? மத்தேயு 4ஆம் அதிகாரம் நீங்க பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுத்திருப்பீங்க. தேவாலயத்து உப்பரிகை மேல நிறுத்தி, குதி, தூதர்கள் கையில ஏந்திக்குவாங்கன்னு சங்கீத வசனத்தைச் சொன்னவன் யாரு? அதுக்கு இயேசு என்ன பதில் சொன்னார்? கர்த்தரைப் பரீட்சை பார்க்காதேன்னார். அதுலயும் நீங்க தனியா குதிக்கல, அந்தப் பெரியவரை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு குதிக்கறீங்க.

சாட்சி சொன்னீங்களே, இன்சார்ஜ்கிட்ட சொன்னீங்களா? தப்பு நடந்தா, நடக்க இருந்தா எழுதிக் கொடுக்கிற இன்சிடென்ட் ஃபார்ம் எழுதினீங்களா? எழுதியிருந்தா கடிதத்துல அது இருந்திருக்கும். மெமோ வரும்னு பயம், புரியுது, அந்த பயம் நியாயமானதுதான். ஆனா நீங்க வாயை மூடிட்டு டபுள் டூட்டி பாக்கற வரைக்கும் ரோஸ்டர் போடறவங்க கண்ணுக்கு வார்டு நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும். ஆள் இல்லாத ஓட்டையை நீங்களே உங்க உடம்பை வச்சு அடைச்சிட்டு, ஆள் போடமாட்டேங்கறாங்கன்னு அழுதா எப்படி? ஓவர்டைமோட சேர்த்தே ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 12 மணி நேரம் ஓய்வு இருக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு நர்ஸ்களுக்குன்னே 1977ல பரிந்துரை செஞ்சிருக்கு. ஓய்வு கேக்கறது சுயநலம்னு உங்களுக்கு யார் சொன்னாங்களோ தெரியல.

இப்ப உங்க வீட்டுக்காரர். மனைவிக்காக உபவாசம் இருக்கிற மனுஷன், நான் குறை சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அவர் உபவாசம் இருக்கிற அன்னிக்கு மத்தவங்களுக்கு சமைக்கிறது யாரு? எபேசியர் 5ல புருஷன் தன் மனைவியை சொந்த சரீரமா நினைச்சு போஷிச்சு காப்பாத்தணும்னு இருக்கு. தன் உடம்பு நைட் முழுக்க நின்னுட்டு வந்தா அதை நேரா அடுப்படிக்கா அனுப்புவார்? அவரோட அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க நர்ஸிங் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, மகனா இருந்தா போதும். என்னைக் கேட்டா பாதி வீடுகள்ல மனைவிக்காக ஜெபிக்கிறது பாத்திரம் தேய்க்கிறதை விட சுலபமா இருக்கு, அதான் விஷயம்.

மோசேயோட மாமனார் எத்திரோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மகளையும் ரெண்டு பேரப்பிள்ளைங்களையும் கூட்டிட்டு மருமகனைப் பாக்க வர்றார், மறுநாள் பாத்தா அவர் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தனி ஆளா உக்காந்து ஜனங்களோட வழக்கைத் தீர்த்துட்டு இருக்கார். அதுவும் ஊழியம்தான், தேவன் கொடுத்த ஊழியம். மாமனார் கைதட்டல, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னார், நீயும் தொய்ஞ்சு போவே, ஜனங்களும் தொய்ஞ்சு போவாங்கன்னார். மோசே கேட்டுக்கிட்டு வேலையைப் பிரிச்சுக் கொடுத்தார். குடும்பம்னா அதைச் சொல்ற ஒரு ஆளாவது வேணும். உங்க வீட்டுலயும் சபையிலயும் எல்லாரும் கைதட்டறாங்க, அந்த வார்த்தையை சொல்லத்தான் ஆள் இல்ல, அதனால நான் சொல்லிட்டேன்.

நைட் முடிச்ச ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் தூங்குங்க. போதகர்கிட்ட நீங்களே சொல்லுங்க, சண்டே ஸ்கூலுக்கு வேற டீச்சர் கிடைப்பாங்க. வார்த்தையால கேட்டா மறந்துடுவாங்க, அதனால டபுள் டூட்டிக்கு முடியாதுன்னு எழுதியே கொடுங்க. இன்சுலின் விஷயத்தை இந்த வாரமே எழுதுங்க, எத்தனை மணி நேரமா முழிச்சிருந்தீங்கங்கறதையும் சேத்து எழுதுங்க. கூட வேலை பாக்கறவங்களையும் அவங்க இப்படி மயிரிழையில தப்பினதை எழுதச் சொல்லுங்க, ஒருத்தர் எழுதினா உங்க கவனக்குறைவும்பாங்க, ஆறு பேர் எழுதினா அப்படித் தட்டிக்கழிக்கறது கஷ்டம்.

அப்புறம் அந்தப் பெரியவர் இன்னும் வார்டுல இருந்தா கிட்ட போய் மன்னிப்பு கேட்டுட்டு ஒரு நன்றியும் சொல்லிட்டு வாங்க. நீங்க சபையில சொன்ன சாட்சியில அவர் வாயைத் திறந்தது வந்த மாதிரியே தெரியல.