வாசகர் கேள்வி: மார்க்டவுனில் அட்டவணை

மஞ்சள் மண்டிக் கணக்கை மார்க்டவுனில் (சாதா எழுத்திலேயே குறிகள் போட்டு வடிவமைக்கும் முறை) எழுதி வைக்கிறேன். ரகம், மூட்டை, எடை, குறிப்பு என்று நான்கு தலைப்பு. அட்டவணையாக மாறாமல் கோடு கோடாகவே நிற்கிறதுங்க, ஏன்?
– வாசகர், ஈரோடு

நீங்கள் அனுப்பிய வரிகளில் தலைப்பு நான்கு, அதன் கீழே உள்ள கோட்டு வரியில் கட்டம் மூன்றுதான். கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தின் வழி மார்க்டவுனில் இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதை அட்டவணை என்றே எடுத்துக்கொள்ளாது. சரக்கு வரிகளில் அவ்வளவு கறார் இல்லை: கட்டம் குறைந்தால் காலியாக விடும், கூடினால் கூடியதை வெட்டிவிடும். இந்த வெட்டு சத்தமில்லாமல் நடப்பதால், அட்டவணையின் கடைசிப் பத்தியை (நெடுவரிசையை) கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரியான வடிவம் (அளவுகள் மாதிரிக்கு):

| ரகம் | மூட்டை | எடை (கிலோ) | குறிப்பு |
|:---|---:|---:|:---|
| விரலி | 12 | 780 | பாலிஷ் |
| கிழங்கு | 5 | 325 | |

முக்காற்புள்ளி இடப்பக்கம் நின்றால் இடது ஓரம், வலப்பக்கம் நின்றால் வலது ஓரம், இருபுறமும் நின்றால் நடு. எண்களை வலது ஓரம் சேர்ப்பதே நல்லது. ஒற்றை, பத்து, நூறு நேர்க்கோட்டில் விழும்.

செல்பேசியில் அடிப்பவர்களுக்கு இன்னொரு வம்பு. சிறு கோடுகளை அடுத்தடுத்து அடித்தால் சில விசைப்பலகைகள் தானாகவே நீளக் கோடாக மாற்றிவிடும். அந்தக் கோடு செல்லாது. அமைப்புகளில் அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்து வையுங்கள். அட்டவணைக்கு மேலே ஒரு வெற்று வரியும் விடுங்கள். சில மென்பொருள்கள் அது இல்லாவிட்டால் மேலே உள்ள உரையோடு ஒட்டிவிடும்.

தமிழில் எழுதினால் குத்துக்கோடுகள் நேராக நிற்பதில்லை. இடைவெளி தட்டித் தட்டி நேராக்க வேண்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம். 'கொ' என்பதும் 'ர' என்பதும் ஒரே அகலம் இல்லை, எத்தனை தட்டினாலும் நேராகாது. கட்டத்தின் இருபுற இடைவெளியை மார்க்டவுன் கணக்கில் எடுப்பதில்லை. கட்டத்துக்குள்ளேயே குத்துக்கோடு தேவைப்பட்டால் மட்டும் அதன் முன்னால் பின்சாய்கோடு போட்டு \| என்று எழுதுங்கள்.

இரண்டு பத்திகளுக்கும் சேர்த்து மேலே ஒரே தலைப்பு வைக்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

இந்தக் குத்துக்கோட்டு முறையில் முடியாது. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மூல மார்க்டவுனில் அட்டவணையே கிடையாது. பின்னால் வந்த நீட்சிகளில் சேர்ந்ததுதான் இது. கட்டங்களை இணைக்க வேண்டுமென்றால் அந்த ஓர் அட்டவணையை இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எழுதுங்கள். அல்லது 'நூல் – வரவு', 'நூல் – இருப்பு' என்று தலைப்பையே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பின்னல் கம்பெனிக் கணக்குக்கு இது போதும்.