ஒத்துப்போனால் போதுமா?

அன்புள்ள சார்,

நண்பர் அனுப்பிய ஒரு விவாதத்தை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தேன். ஒரு பக்கம் நாத்திகர், மறுபக்கம் இறையியல் பேராசிரியர். 'எல்லாம் வல்ல, முழுக்க நல்லவரான கடவுள் இருந்தால் தீமை இருக்கவே முடியாது' என்றார் முதலாமவர். 'மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததன் விளைவு அது. கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பதில் முரண்பாடே இல்லை' என்றார் பேராசிரியர். நாத்திகரால் கடைசிவரை அந்த முரண்பாட்டை நிறுவ முடியவில்லை. அரங்கமே கைதட்டியது. எனக்குத்தான் ஏமாற்றம். அவர் தோற்றது நியாயமா?

அப்புறம், என் சித்தி ஆறு மாதம் முன்பு மகனைப் பறிகொடுத்தவர். கடவுள் நம்பிக்கை அதிகம். இந்த விவாதத்தை அவருக்கு அனுப்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோற்றது நியாயம்தான். ஆனால் ஜெயித்தவர் கைக்கு என்ன வந்தது என்று பாருங்கள்.

நாத்திகர் வைத்த வாதம் பண்டைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் பெயரில் காலங்காலமாக வழங்கிவருவது. அதைக் கறாரான தர்க்கமாக ஆக்கியவர் தத்துவவாதி ஜே. எல். மெக்கி, 1955இல். கடவுள் வல்லவர், கடவுள் நல்லவர், தீமை இருக்கிறது. இவற்றில் எந்த இரண்டை ஒப்புக்கொண்டாலும் மூன்றாவது பொய்யாகிவிடும் என்றார். அங்கேதான் நாத்திகர் தன் தலையில் பெரிய சுமையை ஏற்றிக்கொள்கிறார். முரண்பாடு என்று சொல்லிவிட்டால், எதிராளி உண்மையான காரணத்தைக் காட்ட வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடிய ஒரு கதையைச் சொன்னாலே போதும்.

ஆத்திகத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் அந்தக் கதையைச் சொன்னார். சுதந்திரமான மனிதர்களையும் படைக்க வேண்டும், அவர்கள் ஒருபோதும் தப்பு செய்யாமலும் இருக்க வேண்டும் என்பது கடவுளாலேயே ஆகாத காரியமாக இருக்கலாம். சரி, நிலநடுக்கம்? 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. காலையில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரின் தேவாலயங்களில் கூடியிருந்தவர்கள் மேல் கூரை இடிந்து விழுந்தது. பெருவிழாவுக்கு ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகளும் சரிந்து தீப்பிடித்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைப் பேரலை கொண்டுபோனது. இதில் எந்த மனிதனின் சுதந்திரம்? பிளான்டிங்காவிடம் இதற்கும் பதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத தீய சக்திகள் தங்கள் சுதந்திரத்தால் செய்ததாக இருக்கலாம். சிரிக்காதீர்கள். அப்படித்தான் நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நடந்திருக்க முடியும் என்கிறார். முரண்பாட்டை உடைக்க அது போதும்.

பூட்டிய வீட்டில் பணம் காணவில்லை. சாவி வைத்திருந்த ஒரே ஆள், 'ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து எடுத்திருக்கலாமே' என்கிறார். முரண்பாடு ஏதும் இல்லை. அதற்காக 'சரி, போய்வா' என்று அனுப்பிவிடுவோமா? ஒத்துப்போகிறது என்பது அவ்வளவு மலிவான சரக்கு. உங்கள் அரங்கம் கைதட்டியது இதற்குத்தான்.

நான் அந்த நாத்திகராக இருந்திருந்தால் முரண்பாட்டை முதலிலேயே கைகழுவியிருப்பேன். வில்லியம் ரோ 1979இல் அப்படித்தான் செய்தார். அவரும் நாத்திகர். முரண்பாட்டை இதுவரை யாரும் நிறுவவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மான்குட்டியைக் காட்டினார். எங்கோ ஒரு காட்டில் பட்ட மரத்தில் இடி விழுந்து தீ பரவுகிறது. குட்டி அதில் சிக்கி, உடல் கருகி, பல நாட்கள் துடித்துக் கிடந்து சாகிறது. பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் யாருக்கும் இரக்கம் சுரக்கவில்லை, யாரும் பாடம் படிக்கவில்லை. துன்பம் ஆன்மாவைப் புடம்போடுகிறது என்பார்கள். மான்குட்டிக்கு எதற்குப் புடம்? முதல் நாளிலேயே அது செத்திருந்தால் எந்த நன்மை கெட்டுப்போயிருக்கும்? கடவுள் இருக்க முடியாது என்று ரோ சொல்லவில்லை, இருப்பதாக நம்ப இது இடம் தரவில்லை என்றார். கூடவே, எதிரணியும் அறிவுபூர்வமாகவே நம்பலாம் என்று ஒப்புக்கொண்டு, தன் நிலைக்கு 'நட்பான நாத்திகம்' என்று பெயரும் வைத்தார். நீங்கள் பார்த்த மேடையில் அதுதான் இல்லை போலிருக்கிறது.

இதற்கு ஆத்திகர் தரப்பில் வலுவான பதில், 1984இல் ஸ்டீபன் விக்ஸ்ட்ரா சொன்னது: காரணம் இருந்தால் நம் கண்ணில் படும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அறையை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே யானை இல்லை என்று சொல்லலாம், கொசு இல்லை என்று சொல்ல முடியுமா? நல்ல கேள்விதான். ஆனால் இதற்கு ஆத்திகர் கொடுக்கும் விலை அதிகம். ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னாலும் நமக்கு எட்டாத நன்மை இருக்கலாம் என்றால், தீயில் சிக்கிய குழந்தையை வெளியே இழுக்கும்போது அந்த நன்மையை நான் கெடுக்கவில்லை என்று எப்படித் தெரியும்? நானறிந்த எந்த பக்தரும் அப்படி யோசிப்பதில்லை, ஓடிப்போய் இழுக்கிறார்.

முடிச்சை வேறு விதமாகவும் அவிழ்க்கலாம். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, 'படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன்' என்றார். படைத்தவன் இருக்கிறான், பண்பில்லாதவன், அவ்வளவுதான். 'நல்லவர்' என்பதைக் கழற்றிவிட்டால் முரண்பாடு எங்கே? பிரம்மசூத்திர உரையில் சங்கரர் வேறொன்றைக் கழற்றுகிறார். இறைவன் மழை மாதிரி, பயிர்கள் வேறுபடுவது விதையால், அதாவது அவரவர் வினையால். இங்கே 'வல்லவர்' கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது, பழி போய்ச் சேரும் இடம். செத்த குழந்தையின் தலையிலேயே அல்லவா சுமத்துகிறோம்?

உங்கள் சித்திக்கு அதை அனுப்பாதீர்கள். நாத்திகர் ஜெயித்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன்.

என் நண்பர் ஒருவரின் நான்கு வயது மகள் மருத்துவமனையில் இருந்தபோது, நடைபாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த மருந்துச் சீட்டை எட்டாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்தே போய்விட்டது. உறவினர் ஒருவர் வந்து தோளில் கைவைத்து, 'எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்' என்றார். நண்பர் நிமிர்ந்து, 'என்ன காரணம்? சொல்லுங்க, கேட்கிறேன்' என்றார். உறவினர் வாயைத் திறக்கவில்லை. குழந்தை அன்றிரவு போய்விட்டது.

நண்பர் பிரார்த்தனையை விடவில்லை, அந்த உறவினரோடு பேசுவதைத்தான் விட்டுவிட்டார்.