80 சதவீத ஆதரவு என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: "புதினுக்கு 80 சதவீத ஆதரவு என்கிறார்கள். அப்படியானால் ரஷ்யாவுக்குள் போருக்கு எதிர்ப்பே இல்லையா? இரண்டு பக்கமும் பிரச்சாரம்தான் என்றால் எதை எப்படிச் சரிபார்ப்பது?"

எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை என்னவென்று தெரியாமல் 80 என்ற எண்ணைப் பார்த்தால் தப்புக் கணக்குதான் வரும். அதனால் விலையிலிருந்தே தொடங்குகிறேன்.

உக்ரைன்மீது ரஷ்யாவின் படையெடுப்பு 2022 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. மார்ச் 4 அன்றே புதிய சட்டங்கள் வந்துவிட்டன. அவை இரண்டு தடத்தில் வேலை செய்கின்றன. முதல் தடம், இராணுவத்தின் பெயரைக் கெடுத்தல். முதல் முறை பிடிபட்டால் நிர்வாகச் சட்டம் 20.3.3 பிரிவின்படி தனிநபருக்கு 30,000 முதல் 50,000 ரூபிள் வரை அபராதம். ஒரு வருடத்துக்குள் இரண்டாம் முறை மாட்டினால் அது குற்றவியல் சட்டத்தின் 280.3 பிரிவுக்குப் போய்ச் சிறை வழக்காகிவிடும். இரண்டாவது தடம் 207.3, அதாவது இராணுவத்தைப் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்புதல். இதில் முதல் எச்சரிக்கை என்றெல்லாம் எதுவும் கிடையாது, நேராகக் குற்ற வழக்கு. உச்சபட்சம் 15 ஆண்டுகள். எது பொய்? பாதுகாப்பு அமைச்சகம் சொன்னதோடு ஒத்துப்போகாத எதுவும் பொய். நடைமுறையில் நீதிமன்றங்கள் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்.

இந்தப் பிரிவு யார்மேல் பாய்ந்தது என்று பார்த்தால் அதன் நோக்கம் புரியும். அலெக்சி கொரினொவ் மாஸ்கோவின் ஒரு வட்டார மன்ற உறுப்பினர். உக்ரைனில் குழந்தைகள் சாகும்போது இங்கே குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவதா என்று மன்றக் கூட்டத்தில் கேட்டார். 2022 ஜூலையில் 7 ஆண்டுச் சிறை. சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஓவியர் சாஷா ஸ்கொசிலென்கோ, சூப்பர் மார்க்கெட்டில் 5 விலைச் சீட்டுகளை எடுத்துவிட்டு உக்ரைன் நகரமான மரியுபோல்மேல் நடந்த குண்டுவீச்சு போன்ற செய்திகளை எழுதிய சீட்டுகளை வைத்தார். 2023 நவம்பரில் அவருக்கும் 7 ஆண்டுகள். எதிர்க்கட்சி அரசியல்வாதி விளாதிமிர் காரா-முர்சாவுக்கு, தேசத்துரோகக் குற்றச்சாட்டும் சேர்ந்து, 25 ஆண்டுகள். (பின்னவர் இருவரும் 2024 ஆகஸ்ட் 1 கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்கள், கொரினொவை விடவில்லை.) எதுவுமே எழுதாத வெற்றுத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைக்கூடப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள்.

இப்போது கருத்துக்கணிப்புக்கு வருவோம். ரஷ்யாவில் ஓரளவு சுதந்திரமாக இயங்கும் கணிப்பு நிறுவனம் லெவாடா மையம். அதையே அரசு 2016இல் "வெளிநாட்டு முகவர்" பட்டியலில் சேர்த்துவிட்டது. சுமார் 1,600 பேரை வீடு தேடிப் போய் நேரில் கேட்பது அவர்கள் முறை. புதினுக்கு ஆதரவு 2022 பிப்ரவரியில் 71, மார்ச்சில் 83. செப்டம்பர் 21 அன்று 3,00,000 பேரைப் படைக்கு அழைக்கும் அறிவிப்பு வந்ததும் 77க்கு இறங்கியது. எண்கள் இப்படி அசைகின்றன என்பதால் அவை முழுக்க இட்டுக்கட்டியவை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கதவைத் தட்டும் அந்நியரிடம், மேலே சொன்ன சட்டங்கள் இருக்கும் நாட்டில், ஒருவர் என்ன பதில் சொல்வார்? பேச மறுப்பவர்களும் கதவைச் சாத்திக்கொள்பவர்களும் அந்தச் சதவீதத்துக்குள் வரவே மாட்டார்கள்.

பயத்தின் அளவைத் தோராயமாகவாவது அளக்க ஒரு வழி உண்டு. அதைப் பட்டியல் சோதனை என்கிறார்கள். கேள்விக்கு உட்படுவோரை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவிடம் போருக்குத் தொடர்பில்லாத சில வாசகங்களைக் கொடுத்து, "இதில் எத்தனையை ஆதரிக்கிறீர்கள், எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். இரண்டாம் குழுவின் பட்டியலில் அதே வாசகங்களோடு போர் பற்றிய வாசகம் ஒன்று கூடுதலாக இருக்கும். முதல் குழுவின் சராசரி 2.00, இரண்டாவதன் சராசரி 2.53 என்று வந்தால், அந்தக் கூடுதல் வாசகத்தை 53 சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள் என்று பொருள். யார் எதை ஆதரித்தார் என்று கேட்டவருக்கும் தெரியாது. 2022 ஏப்ரலில் இணையம் வழியாக இப்படிச் செய்த ஆய்வு ஒன்றில், போருக்கு ஆதரவு நேரடியாகக் கேட்டபோது 68 சதவீதம், பட்டியல் வழியில் 53 சதவீதம் கிடைத்தது. இடைவெளி 15. இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. பட்டியல் நீளும்போது சிலர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். எல்லா வாசகங்களையும் ஆதரிப்பவர் எண்ணைச் சொன்னதுமே வெளிப்பட்டுவிடுவார் என்பதால் அவரும் பொய் சொல்லக்கூடும்.

53ம் பாதிக்கு மேல்தான். அதை மறைத்துவிட்டு "ரஷ்யர்கள் எல்லோரும் மனதுக்குள் எதிர்க்கிறார்கள்" என்று எழுதுவதும் பொய். என் கணிப்பில், உறுதியான ஆதரவாளர் ஒரு பெரும் பகுதி, உறுதியான எதிர்ப்பாளர் ஒரு சிறு பகுதி, நடுவில் "மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும், நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கி நிற்கும் பெருங்கூட்டம். இதே லெவாடா "போரைத் தொடர வேண்டுமா, பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டுமா" என்று கேட்டபோது, 2024, 2025இன் பல சுற்றுகளில் பாதிக்கு மேற்பட்டோர் பேச்சுவார்த்தை என்றே சொன்னார்கள். இராணுவத்தை ஆதரிக்கிறேன் என்பவரும் பேசித் தீருங்கள் என்பவரும் பல வீடுகளில் ஒரே ஆள். கேள்வியின் வாசகத்தைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் எடுத்து வாதாடாதீர்கள்.

சட்டத்தின் கை எட்டாத இடுக்கு கிடைக்கும்போதெல்லாம் எதிர்ப்பு தலைகாட்டுகிறது. 2024 ஜனவரியில் போரை எதிர்த்துப் பேசிய போரிஸ் நதேஷ்தின் அதிபர் தேர்தலில் நிற்கக் கையெழுத்து சேகரித்தார். கையெழுத்துப் போடுவது சட்டப்படி குற்றமில்லை. பனியில் தெருநீள வரிசைகள் நின்றன. தேவை 1,00,000, அவர் கொடுத்தது 1,05,000. தேர்தல் ஆணையம் 9,000க்கும் மேற்பட்டவை செல்லாது என்று பிப்ரவரி 8 அன்று நிராகரித்தது. அந்த மாதம் 16 அன்று எதிர்க்கட்சித் தலைவர் நவல்னி சிறையில் இறந்தார். மார்ச் 1 அன்று அவர் இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் பூவோடு வந்தார்கள். படைக்கு இழுக்கப்பட்டவர்களின் மனைவியர் வெள்ளைத் துணி தலையில் கட்டி, கிரெம்ளின் மதிலோரம் உள்ள போர்வீரர் நினைவிடத்தில் சனிக்கிழமைதோறும் பூ வைத்தார்கள். பூ வைப்பதும் குற்றமில்லையே.

இன்னொரு வகைக் கருத்து வேறுபாடும் உண்டு: போர் போதாது என்கிறவர்கள். இகோர் கிர்கின் 2014இல் கிழக்கு உக்ரைனின் தோன்பாஸ் பகுதியில் சண்டையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். புதின் போரை நடத்தும் விதத்தைக் கடுமையாகத் தாக்கியதும் 2023 ஜூலையில் கைதாகி, 2024 ஜனவரியில் 4 ஆண்டுத் தண்டனை பெற்றார். வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோசின் 2023 ஜூன் 23 அன்று, உக்ரைனும் நேட்டோவும் தாக்கப்போகின்றன என்று சொன்னதே பாதுகாப்பு அமைச்சகத்தின் பொய் என்று காணொளியில் பேசினார். அதே இரவு கலகம். ஆகஸ்ட் 23 அன்று அவர் விமானம் விழுந்தது. ஆக, புதினை எதிர்ப்பவர் எல்லோரும் போரை எதிர்ப்பவர் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் விவாதங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை.

அடுத்து பிரச்சாரம். ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம்ப வைப்பது பழைய முறை. இப்போதைய ரஷ்ய முறை, ஒன்றோடொன்று முரண்படும் பல கதைகளை ஒரே நேரத்தில் சந்தையில் இறக்குவது. கேட்பவர் எந்தக் கதையையும் நம்ப வேண்டியதில்லை. "உண்மை யாருக்குத் தெரியும்" என்று சலித்துப்போனாலே போதும். இதற்கு மிகத் தெளிவான மாதிரி 2014 ஜூலை 17 அன்று 298 பேரோடு சுடப்பட்ட எம்.எச். 17 மலேசிய விமானம். நான்கு நாளில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் உக்ரைனின் சு-25 போர் விமானம் அருகில் பறந்தது என்றது. சு-25 தாழ்வாகப் பறந்து தரைப்படைக்கு உதவ வடிவமைத்த விமானம், அதன் செயல் உயரம் சுமார் 7 கிலோமீட்டர். பயணிகள் விமானம் பறந்தது 10 கிலோமீட்டரில். 2015 ஜூனில், தரையிலிருந்து விமானங்களைச் சுடும் பூக் ஏவுகணையைத் தயாரித்த ரஷ்ய நிறுவனமே, அடித்தது பூக்தான், ஆனால் உக்ரைன் வசமிருந்த பகுதியிலிருந்து வந்தது என்றது. முதல் கதை சரியென்றால் இரண்டாவது பொய். இரண்டுமே திரும்பப் பெறப்படவில்லை. நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பர் 17 அன்று மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதில் ஒருவர் மேலே சொன்ன அதே கிர்கின்.

கீவ் அருகிலுள்ள புச்சா நகரிலும் இதே வழி. ரஷ்யப் படை 2022 மார்ச் இறுதியில் விலகியது, ஏப்ரல் தொடக்கத்தில் சடலங்களின் படங்கள் வந்தன. "எல்லாம் நாடகம், ஒரு பிணம் கையை அசைக்கிறது பாருங்கள்" என்ற காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அசைந்தது கார்க் கண்ணாடிமேல் இருந்த நீர்த்துளி. காணொளியின் தெளிவான மூலப் பிரதியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் துளி நகர்வது தெரியும். சுற்றில் விட்டதோ தெளிவு குறைந்த பிரதி. யப்லுன்ஸ்கா தெருவில் அதே இடங்களில் உடல்கள் கிடந்ததை மார்ச் மாதச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அப்போது ஊர் ரஷ்யப் படையின் கையில்.

இதிலிருந்து சரிபார்க்கும் வழியும் கிடைக்கிறது. கதைகளை எத்தனை வேண்டுமானாலும் பெருக்கலாம். நேரம், இடம், எண்ணிக்கையின் வகை ஆகிய மூன்றையும் அப்படிப் பெருக்க முடியாது. அங்கே பிடியுங்கள்.

நேரம்: டெலிகிராம் பதிவின் நேரம் பார்ப்பவரின் ஊர் நேரத்தில் தெரியும். சென்னையில் அதிகாலை 1:30 என்று காட்டும் பதிவு, கீவில் குளிர்காலமானால் முந்தைய நாள் இரவு 10, கோடையானால் 11. "சம்பவத்துக்கு முன்பே பதிவு வந்துவிட்டது, எனவே திட்டமிட்ட நாடகம்" என்ற வாதங்களில் பல இந்தக் கணக்கைப் போட்டதும் கரைந்துவிடும்.

இடம்: காணொளியை நிறுத்தி, கட்டடம், பலகை, கோபுரம் தெரியும் நான்கைந்து படங்களை எடுத்துக் கூகுள், ரஷ்யத் தேடுபொறி யாண்டெக்ஸ் இரண்டிலும் படத்தேடல் செய்யுங்கள். கிழக்கு ஐரோப்பிய இடங்களுக்கு யாண்டெக்ஸ் பெரும்பாலும் நன்றாகப் பிடிக்கும். ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க் காட்சிகளாகச் சுற்றின. இருட்டு, நடுங்கும் கேமரா, மனிதர்களே இல்லாத சட்டகம், இயல்பில்லாத புகை ஆகியவை அதன் அடையாளம் என்று அதைத் தயாரித்த நிறுவனமே விளக்கியது. செய்தி என்றால் இணையதளப் பெயரின் கடைசித் துண்டைப் (.com, .in போன்றது) பாருங்கள். 2022இல் அம்பலமான "டாப்பல்கேங்கர்" என்ற ரஷ்யப் பிரச்சார நடவடிக்கையில் ஜெர்மனியின் ஷ்பீகல் இதழின் பக்கத்தை அச்சு அசலாக நகலெடுத்து, முகவரியின் வால் பகுதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

எண்ணிக்கையின் வகை: "தோன்பாஸில் 8 ஆண்டில் 14,000 ரஷ்ய மொழி பேசுவோரை உக்ரைன் கொன்றது" என்று கேட்டிருப்பீர்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2021 இறுதி வரை சொன்ன மொத்தம் 14,200 முதல் 14,400. அதில் சுமார் 4,400 பேர் உக்ரைன் படையினர், சுமார் 6,500 பேர் எதிர்த் தரப்பு ஆயுதக் குழுவினர், குறைந்தது 3,404 பேர் இரு பக்கத்துப் பொதுமக்கள். எம்.எச். 17 பயணிகளும் இதில் அடக்கம். பொதுமக்கள் சாவில் பெரும்பகுதி 2014, 2015இல். 2021 முழு ஆண்டிலும் 25. ஒரு சாவும் சிறியதில்லை. ஆனால் எதிரியின் படைவீரனையும் தன் பக்கத்துப் பலியாக எண்ணுவது கணக்கு ஆகாது.

உக்ரைன் தரப்பும் பிரச்சாரம் செய்கிறது. "கீவின் பேய்" என்ற விமானி கற்பனை என்று 2022 ஏப்ரல் இறுதியில் அந்நாட்டு விமானப்படையே ஒப்புக்கொண்டது. கருங்கடலிலுள்ள பாம்புத் தீவில் இறந்ததாக அறிவித்த வீரர்கள் உயிரோடு இருந்தார்கள். வேறுபாடு எங்கே என்றால், 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தில் செலென்ஸ்கி கையெழுத்திட்டதும் போர்க்காலத்திலேயே மக்கள் தெருவில் இறங்கினார்கள். பத்தே நாளில் அரசு பின்வாங்கியது. எந்த ஊர் யார் கையில் என்ற விவாதத்துக்கு உக்ரைனின் டீப்ஸ்டேட் வரைபடத்தையும் ரஷ்யாவின் ரிபார் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஊரை ஒரே நிறத்தில் காட்டினால் நம்பலாம்.

கடைசியாக, இறந்த வீரர்களின் எண்ணிக்கை. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் கடைசியாகச் சொன்ன மொத்தம் 5,937, 2022 செப்டம்பர் 21 அன்று. மீடியசோனா என்ற சுதந்திர ரஷ்யச் செய்தித்தளமும் பி.பி.சி. ரஷ்யப் பிரிவும் இரங்கல் செய்திகள், கல்லறைகள், உள்ளூர்ப் பதிவுகள் வழியாகப் பெயர் பெயராகச் சேர்த்த பட்டியல் 2025இல் 1,00,000ஐத் தாண்டியது. இது பெயர் உறுதியானவர்கள் மட்டும், எனவே கீழ்வரம்பு. இன்னொரு வழி, நோட்டரிகளின் வாரிசுரிமைப் பதிவேடு: அதே வயதில் இறந்த பெண்களின் கோப்புகளோடு ஒப்பிட்டு, இறந்த ஆண்களின் கோப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது. கொரோனா போன்றவை இருபாலரையும் பாதிப்பதால் கழிந்துவிடும். இந்த வழியில் 2023 மே இறுதி வரைக்கான மதிப்பீடு சுமார் 47,000. உக்ரைன் தலைமையகம் தினமும் வெளியிடும் ரஷ்ய "இழப்பு" எண் வேறு வகை. அது இறந்தவரும் காயமடைந்தவரும் சேர்ந்தது. தமிழ்ச் செய்திகளில் அதைப் "பலி" என்று போட்டிருந்தால், மேற்கோள் காட்டும் முன் மூலத்தைத் திறந்து பாருங்கள்.